ஓட்டை மாமாவின் சொந்தக் கூரை

"ஓட்டைக்காரர் வீடு எது?" என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்குத்தான் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கக் கூச்சமாக இருக்கும். "இங்க... இந்த... ஓட்டை போடறவர்..." என்று இழுப்பார்கள். வாசலில் மாமாவே நின்றால், "நான்தாங்க அந்த ஓட்டை. உள்ள வாங்க" என்பார்.

என் அத்தையின் கணவர். கூரையில் ஓட்டை போடுவது அவருடைய தொழில். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். கூரை என்றாலே ஓட்டையை அடைக்கத்தானே ஆள் தேடுவோம்? ஆனால் எங்கள் பக்கத்து வீடுகள் பெரும்பாலும் சாய்வான தகரக் கூரை போட்டவை. கூரைக்குக் கீழே மரப்பலகையில் ஒரு சீலிங். இரண்டுக்கும் நடுவில் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பரண். வெயில் தகரத்தைக் காய்ச்சும். அந்தச் சூடு பரணுக்குள் அடைந்து கிடக்கும். சாயங்காலம் வெளியே காற்று சிலுசிலுவென்று வீசினாலும் வீட்டுக்குள் அடுப்பு அணைந்தபாடிருக்காது. மழைக்காலத்தில் அதே இடத்தில் ஈரம் தங்கிப் பலகை பூசணம் பிடிக்கும். மாமா போய், சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கூரையின் அடிவிளிம்பில் வரிசையாக நீளத் துளைகள் வெட்டி வலை அடிப்பார். முகட்டில், மழை இறங்காதபடி மூடி போட்ட ஒரு திறப்பு வைப்பார். கீழே நுழைகிற காற்று சூட்டைத் தள்ளிக்கொண்டு மேலே போய்விடும். அவ்வளவுதான் வேலை.

வேலை அவ்வளவுதான். பேச்சு அவ்வளவு இல்லை. ஓட்டை போடுகிறவருக்கு வாயும் ஓட்டைவாய் என்று அத்தை சொல்வாள். ஒரு வீட்டுக்குப் போனால் ஏணியைச் சாய்ப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவார்.

"காத்தும் பஸ் மாதிரிதாங்க. பின்வாசல்ல ஏறணும், முன்வாசல்ல இறங்கணும். நீங்க மேல மட்டும் ஓட்டை போட்டுட்டு கீழ அடைச்சு வச்சா, ஏற ஆளே இல்லாம யாரை இறக்குவீங்க? வேலை முடிஞ்சதும் நீங்களே பரணுக்குள்ள போய்ப் பாருங்க. கீழ் ஓரத்துல வெளிச்சம் கோடு கிழிச்ச மாதிரி தெரியணும். தெரியலேன்னா எனக்குக் காசே குடுக்காதீங்க."

இந்த வசனம் எனக்கு மனப்பாடம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பட்டத்தை வாங்கிக்கொண்டு, வேலை தேடுவதற்காக இந்த ஊரில் அத்தை வீட்டில் வந்து தங்கியிருந்தேன். மாமா எனக்கு வைத்த பெயர் 'டிகிரி'. "டிகிரி சாப்பிட்டாச்சா?", "டிகிரிக்கு ஒரு டீ". கிண்டல்தான், ஆனால் அடுத்த வீட்டாரிடம் அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். அதற்குத் தகுதியாக நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு குறுகுறுப்பு எப்போதும் உண்டு.

அந்த வீட்டின் மாடி முழுக்க ஒரே நீள அறை. அத்தையின் தையல் அறை. கல்யாணமான புதிதில், மாமா தன் கையாலேயே கட்டியது. அத்தை தைப்பது பெரும்பாலும் ஜன்னல் திரைகள். துணியை முழு நீளத்துக்கும் தரையில் விரித்து அளக்க வேண்டும். கீழே உள்ள கூடத்தில் அதற்கு இடம் கிடையாது. அந்த அறைக்கு மேலே இருக்கிற பரணுக்குத்தான் மாமா தன் வாழ்க்கையில் முதன்முதலாகக் காற்றுவழி வைத்தார். வாடிக்கையாளர்களைத் தெருவில் நிறுத்தி அடிவிளிம்பைக் காட்டுவார். "பாருங்க, இத்தனை வருஷம் ஆச்சு. வலை ஒரு இடத்துல பிஞ்சிருக்கா?"

பிய்யவில்லைதான். ஆனால் அந்தக் கோடையில் மாடி அறை வெந்தது.

அத்தை கழுத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு தைப்பாள். வியர்வை துணியில் சொட்டிவிடக் கூடாதே என்று தலையைப் பின்னுக்கு இழுத்து, கையை மட்டும் முன்னே நீட்டி, கோபித்துக்கொண்டவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். மதியத்தில் கத்தரிக்கோலைத் தொட முடியாது.

"மேல ரொம்ப வெக்கைங்க" என்று அவள் முதலில் சொன்னபோது மாமா சிரித்தார். "நம்ம வீட்டுலயா? உனக்கு வயசாகுதும்மா. இந்த வயசுல அப்படித்தான் இருக்கும்."

"எனக்கு வயசானா துணி ஏங்க சுடுது?"

மாமா போய் முகட்டுத் திறப்பைப் பெரிதாக்கினார். சூடு குறையவில்லை. அடுத்து, காற்றில் தானாகச் சுழலும் ஒரு உருண்டை விசிறியை முகட்டில் பொருத்தினார். குடத்தைக் கவிழ்த்த மாதிரி பளபளவென்று அது சுற்றுவதைத் தெருவே நின்று பார்த்தது. அதன் பிறகுதான் விபரீதம். கீழே சமையலறையில் வெங்காயம் வதக்கினால் அந்த வாசனை மாடிப்படி வழியாக விறுவிறுவென்று ஏறி, தையல் அறைக்குள் நுழைந்து, சீலிங் பலகை இடுக்குகளுக்குள் போக ஆரம்பித்தது. போகிற வழியில் துணியிலும் கொஞ்சம் தங்கியது.

பல் டாக்டர் ஒருவர் தன் கிளினிக்குக்குத் தைத்து வாங்கிப் போன பச்சைத் திரைகளை மூட்டையாகக் கட்டித் திருப்பிக் கொண்டுவந்தார். நல்ல மனிதர், கோபப்படவில்லை.

"தையல்ல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா இதைத் தொங்கவிட்டதுலேருந்து வெயிட்டிங் ரூம்ல எல்லாருக்கும் பசிக்குது. பல்வலியோட வந்தவங்க பாதியில எழுந்து சாப்பிடப் போயிடறாங்க."

அத்தை அவர் முன்னால் சிரித்துவிட்டாள். அவர் போன பிறகு ஒவ்வொரு திரையாகப் பிரித்து மோந்து பார்த்தாள். அதுவரை அவளுடைய தையலை யாரும் திருப்பிக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் அத்தை நிதானமாகச் சொன்னாள்: "சைக்கிள் கடைக்கு மேல ஒரு ரூம் காலியா இருக்கு. கடைக்கார அண்ணன்கிட்ட எடுத்துக்கறேன்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை மெஷினை இறக்கணும். ரெண்டு ஆளுக்குச் சொல்லி வைங்க."

மாமாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "வெளையாடறியா?"

"இல்ல."

"ஓட்டைக்காரன் பொண்டாட்டி வெக்கை தாங்காம வீட்டை விட்டுப் போனான்னு ஊர் சிரிக்கும்மா."

"ஊர் சிரிக்கட்டும். எனக்கு வேர்க்குது."

"இன்னொரு விசிறி வச்சுப் பாத்துடறேன். இதைவிடப் பெருசா."

"ஏற்கெனவே ஒண்ணு வச்சுத்தான் டாக்டர் கிளினிக்குல பசிக்குது."

மாமா என்னைப் பார்த்தார். "டிகிரி, நீயாவது சொல்லேன்." என்ன சொல்வது? உள்ளே வருகிற வழியும் வெளியே போகிற வழியும் சம அளவில் இருக்க வேண்டும் என்று நான் போனில் படித்து வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். "அதைத்தானே நான் ஊர் பூரா சொல்றேன்!" என்று கத்தினார். உண்மைதான். அவருக்குத் தெரியாத எதுவும் என் போனில் இல்லை. இரண்டு பேரும் ஒரே பாடத்தை ஒப்பித்துக்கொண்டு, வெந்து கொண்டிருந்த வீட்டில் உட்கார்ந்திருந்தோம்.

ஊர் சிரிக்கும் என்று அவர் சொன்னது பாதிதான். மீதியை நான் அடுத்த நாள் பார்த்தேன். வேலை இல்லாத மதியங்களில் மாமா மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்துகொள்வார். அத்தை தைப்பாள். அவர் பேசுவார், எந்த வீட்டில் எந்த உத்திரம் வளைந்திருக்கிறது, எந்த வீட்டு மாமியார் ஏணியைப் பிடித்துக்கொண்டே மருமகளைத் திட்டினாள் என்று. அத்தை வாயைத் திறக்க மாட்டாள். ஒப்புக்கொண்டால் மெஷின் மெதுவாக ஓடும். ஒப்புக்கொள்ளாவிட்டால் கடகடவென்று வேகமெடுக்கும். அவர் உடனே பேச்சை மாற்றிக்கொள்வார். அன்றும் படியில் வந்து உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மெஷின் ஒரே வேகத்தில் ஓடியது. இவர்கள் இருவரையும் பற்றி எழுதும்போது, படித்துவிட்ட திமிரில் இவர்களை வேடிக்கை காட்டுகிறேனோ என்று எனக்கு அடிக்கடி சந்தேகம் வரும். அந்த மதியத்தை நினைத்துக்கொள்வேன். அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை காலை மாமா பெரிய விசிறி வாங்கக் கிளம்பிப் போனார். அத்தை மெஷினை ஏற்றிக்கொண்டு போவதற்கு அதன் பழைய மரமூடியைத் தேடினாள். அது பரணில் இருந்தது.

பரண் மாமாவின் ராஜ்ஜியம். வேறு யாரும் ஏறக் கூடாது. ஊரில் உள்ள வீடுகளில் வேலை முடிந்ததும் மிஞ்சுகிற எல்லாம் அங்கேதான் வந்து சேரும். வெட்டிய பலகைத் துண்டு, வலைச் சுருள், சூடு தடுக்கும் ஃபோம் அட்டை, கழற்றிய ஜன்னல் கதவு. "நாளைக்கு ஆகும்" என்பார். எந்த நாளைக்கு என்று அத்தை கேட்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. "உங்க மாமாவுக்கு மேல ஒரு சின்ன வீடு இருக்கு. நான் கண்டுக்கறதில்ல" என்று என்னிடம் கண்ணடிப்பாள்.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சீலிங்கில் இருந்த சதுரக் கதவைத் தள்ளி ஏறினாள். இடுப்பு வரை உள்ளே போய் நின்றுவிட்டாள். கீழே எனக்கு அவள் கால்கள் மட்டும் தெரிந்தன.

"யப்பா, உள்ள இட்லிப் பானை மாதிரி இருக்குடி."

"டார்ச் வேணுமா அத்தை?"

"வேணும். கும்மிருட்டு." அவள் பாதங்கள் ஏணிப் படியில் மெல்லத் திரும்பின. "ஏன்டி, இப்ப வெளிய வெயில் அடிக்குதுல்ல?"

"கொளுத்துது."

"அப்ப இங்க ஏன் இருட்டா இருக்கு? உங்க மாமா சொல்ற அந்தக் கோடு எங்க?"

ஏணியை விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். அத்தை மேலிருந்து, "அடிப்பாவி, ஏணி!" என்று கத்தினாள். அண்ணாந்து பார்த்தேன். அடிவிளிம்பில் துளைகள் வரிசையாக, சுத்தமாக, வலை பிய்யாமல் திறந்திருந்தன. திரும்ப ஓடிவந்து, டார்ச்சை அத்தையிடம் நீட்டிச் சொன்னேன்.

"வெளிய எல்லாம் திறந்துதான் இருக்கு அத்தை."

அத்தை டார்ச்சை ஓரங்களில் அடித்துப் பார்த்தாள். "உள்ள எல்லாம் அடைச்சு வச்சிருக்காரு உங்க மாமா."

கூரை சரிந்து பரணின் தரையைத் தொடுகிற ஓரத்தில் மனிதன் உட்கார முடியாது. அதனால் அந்த இடத்தை வீணாக்காமல், கொண்டுவந்ததை எல்லாம் மாமா காலால் அந்த ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி வைத்திருந்தார். சூட்டைத் தடுப்பதற்கென்றே செய்த ஃபோம் அட்டைகள், காற்று நுழைகிற ஒவ்வொரு துளைக்கும் முன்னால் அடுக்கடுக்காக நின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் காற்று விட்டபோதும் மாமா தன் வீட்டில் ஒரு சாண் காற்றை அடைத்திருக்கிறார். உருண்டை விசிறி பாவம் என்ன செய்யும்? வெளிக்காற்று கிடைக்காமல் சமையலறையிலிருந்து உறிஞ்சியது.

அந்த நேரம் பார்த்து மாமா தோளில் பெரிய விசிறியைச் சுமந்துகொண்டு மாடி ஏறி வந்தார். பரண் கதவுக்குக் கீழே தொங்கிய கால்களைப் பார்த்தார்.

"யாரு மேல?"

"நான்தாங்க. உங்க பொண்டாட்டி."

"எறங்கும்மா! எதையும் தொடாத! அது அளவு பாத்து அடுக்கி வச்சிருக்கு!"

"பாத்தேன். நல்லா அளவு பாத்துத்தான் அடைச்சிருக்கீங்க. ஒரு எறும்பு வர முடியாது."

"எதை அடைச்சேன்?"

"டீக்கடைக்காரர் வீட்டுல போன வருஷம் ஒரு மணி நேரம் பேசினீங்களே, பஸ்ஸு, பின்வாசலு. அந்த பஸ்ஸோட பின்வாசல்ல இப்ப ஒரு ஃபோம் அட்டை உக்காந்திருக்கு. எடுக்கவா?"

மாமா பதில் சொல்வதற்குள் மேலே சரசரவென்று இழுக்கிற சத்தம். அத்தை தும்மினாள். பரண் கதவுச் சதுரத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம் விழுந்தது. அத்தை தன் தோளில் கிடந்த அளவு நாடாவை எடுத்துத் துளைக்கு முன்னால் பிடித்திருக்க வேண்டும். "ஆடுதுங்க!" என்றாள். "ஏங்க, ஆடுது! வந்து பாருங்களேன்!"

மாமா விசிறியைத் தரையில் வைத்தார். ஏணியில் ஏறினார். இரண்டு பேருக்கு அந்தக் கதவில் இடம் போதாமல், "கொஞ்சம் நகரும்மா", "எங்க நகர, உங்க ஜன்னல் கதவு மேலயா?" என்று இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை.

பிறகு மாமாவின் குரல் கேட்டது, சின்னதாக. "தெருவுலேருந்துதாம்மா பாத்தேன். தினம் பாத்தேன்."

"தெரியுது."

"நான் உனக்குக் கட்டினது இது. நானே அடைச்சிருக்கேன்."

"சரி, இப்ப அழுது வடியாதீங்க. இங்க வேர்வைக்கே இடமில்ல. ஒவ்வொண்ணா எடுத்துக் குடுங்க."

இறக்குவது லேசில் நடக்கவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் மாமாவிடம் ஒரு பூர்வகதை இருந்தது. இந்த ஜன்னல் கதவு வக்கீல் வீட்டில் இரட்டைக் குழந்தை பிறந்த அன்று கழற்றியது. இந்தக் குழாய் முழங்கை இப்போது எங்கும் கிடைக்காது. "கிடைக்காதுன்னா யாருக்கும் தேவையில்லன்னு அர்த்தம்" என்றாள் அத்தை. கதை கேட்டுக்கொண்டே பொருளைக் கதவு வழியாக என்னிடம் இறக்கினாள். கதை முடிவதற்குள் அது கீழே கூடத்துக்குப் போயிருக்கும். பொழுது சாய்கிற நேரத்துக்குக் கூடத்தில் நடக்க வழியில்லை. சோபாவுக்கு மேல் வலைச் சுருள். நான் படுக்கிற மூலையில் பலகைக் குவியல். பரணின் இரண்டு ஓரங்களிலும் வெளிச்சம் கோடு கிழித்த மாதிரி ஓடியது.

"அப்போ நீ போகலையே?" என்று மாமா கேட்டார். புருவத்திலும் மீசையிலும் தூசி.

"நாளைக்கு மதியம் வெயில்ல உக்காந்து தைச்சுப் பாத்துட்டுச் சொல்றேன். இப்ப குளிர்ந்தது சாயங்காலமா, உங்க ஓட்டையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை. மாமா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த இரண்டு பேர் தள்ளுவண்டியோடு வந்து வாசலில் நின்றார்கள். சூரியன் உச்சியில். தகரக் கூரை பொருமுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அத்தை மாடிக்குப் போய், துவைத்துக் காயவைத்த பல் டாக்டரின் கிளினிக் திரைகளில் ஒன்றை எடுத்து, துவைத்ததில் பிரிந்திருந்த ஓரத்தைத் தைக்க ஆரம்பித்தாள். நான் வேண்டுமென்றே கீழே வெங்காயம் நறுக்கி எண்ணெயில் போட்டேன். அந்த யோசனை என்னுடையது. என் படிப்பு அந்த வீட்டில் செய்த ஒரே பரிசோதனை அதுதான்.

மாமா மேல்படியில் உட்கார்ந்திருந்தார். கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி. அடுப்பை அணைத்துவிட்டு அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

அறை குளிர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். வெயில் காலம் வெயில் காலம்தான். ஆனால் தலைக்கு மேலே யாரோ சூடான கையை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்ததே, அது இல்லை. அத்தை ஒரு ஓரம் முடித்தாள். அடுத்த ஓரத்தைத் திருப்பினாள். நடுவில், யோசிக்காமலே, கழுத்திலிருந்த துண்டை உருவி நாற்காலி முதுகில் போட்டுவிட்டுத் தொடர்ந்து தைத்தாள்.

மாமா அதைப் பார்த்தார். என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அத்தை துணியை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். "சோப்பு வாசனைதான் வருது."

கீழேயிருந்து வண்டிக்காரர்களில் ஒருவர் குரல் கொடுத்தார். "அக்கா, மெஷினைத் தூக்கலாமா? வெயில்ல நிக்கறோம்."

"மெஷின் இங்கயே இருக்கட்டும். கூடத்துல குமிஞ்சு கிடக்குல்ல, அதை எல்லாம் தூக்குங்க."

மாமா துள்ளி எழுந்தார். "எங்க தூக்கறது?"

"சைக்கிள் கடை ரூமுக்கு. அண்ணன்கிட்ட எடுத்துக்கறேன்னு சொன்ன வார்த்தை என்ன ஆறது? நான் போகலேன்னா, எனக்குப் பதிலா வேற யாராவது போகணும்ல?"

மாமாவின் முகத்தில் சந்தோஷமும் வருத்தமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. பிறகு அவர் படிகளில் தடதடவென்று இறங்கி, "ஏப்பா, அந்தக் கதவைப் பாத்துத் தூக்கு! அது வக்கீல் வீட்டுது!" என்று கத்துவது கேட்டது. தெருக் கோடி வரைக்கும் வண்டியோடு பேசிக்கொண்டே நடந்தார்.

இப்போது சைக்கிள் கடைக்கு மேலே மாமாவுக்குத் தனி தர்பார். ஜன்னல் கதவு வேண்டுமென்று வருகிறவர்கள், வலைத் துண்டு கேட்டு வருகிறவர்கள், சும்மா கதை கேட்க வருகிறவர்கள். வாங்கி வந்த பெரிய விசிறியைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனசில்லை. அதையும் அங்கேதான் வைத்திருக்கிறார். மதியம் மட்டும் தவறாமல் வீட்டுக்கு வந்து மேல்படியில் உட்கார்ந்துகொள்வார்.

போன வாரம் சைக்கிள் கடைக்காரர் கிரீஸ் கையோடு மாடி ஏறி வந்தார். அத்தை திரை தைத்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரர்கிட்ட கொஞ்சம் சொல்லி வை. அந்த ரூம்ல வெக்கையா இருக்காம். என் கூரையில ஓட்டை போடட்டுமான்னு தினம் வந்து நச்சரிக்கறார். காத்து, பஸ்ஸு, வாசலுன்னு ஒரே பேச்சு. நான் என்னதான் பண்ண?"

அத்தை மெஷினை நிறுத்தாமல் சொன்னாள்:

"போடட்டும்ணே, நல்லாப் போடுவாரு. போட்ட பிறகு அது முன்னாடி எதையும் அடுக்காம மட்டும் நீங்க பாத்துக்கங்க."